டாப்ஸ்பின் 2கே25 வாங்கலாமா? நிறை என்ன, குறை என்ன?

டாப்ஸ்பின் 2கே25 ஒரு டென்னிஸ் வீடியோ கேம். கேட்டவர் கொழும்பில் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வைத்திருக்கிறார். வீட்டில் தம்பியோடு ஆடவும், தனியே கரியர் (சொந்தமாக ஓர் ஆட்டக்காரரை உருவாக்கி வளர்க்கும் பகுதி) ஆடவும் இந்தக் கேம் காணுமா என்பது கேள்வி. தம்பியோடு ஆடத்தான் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கரியருக்காக மட்டும் என்றால் விலை இறங்கும்வரை பொறுங்கள்.

2011இல் டாப் ஸ்பின் 4 வந்தது. அதற்குப் பிறகு 13 வருடம் இந்தத் தொடரில் புதிதாக எதுவும் இல்லை. 2024 ஏப்ரலில் ஹேங்கர் 13 உருவாக்கி 2கே வெளியிட்ட இந்தக் கேம், பழையதன் உயிரான விஷயத்தை விடாமல் பிடித்திருக்கிறது: எந்தப் பொத்தான் என்பதைவிட, எந்தக் கணத்தில் என்பதே ஆட்டம். ஃபிளாட் (சுழற்சி குறைந்த நேரடி அடி), டாப்ஸ்பின் (முன்பக்கம் சுழலும் அடி), ஸ்லைஸ் (பின்பக்கம் சுழலும் அடி), லொப் (எதிராளியின் தலைக்கு மேலால்), டிரொப் ஷொட் (வலைக்கு அருகே விழவைப்பது) என்று அடிகள் பிரிந்திருக்கின்றன. பொத்தானைச் சட்டென்று தட்டினால் கட்டுப்பாடான அடி. பிடித்திருந்து விட்டால் வேகமான அடி. தட்டும்போது அழுத்தும் கணமும், பிடிக்கும்போது விடும் கணமும் கணக்கில் வரும். புதிதாக ஆடுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பந்தை வெளியே அனுப்புகிறார்கள்.

எதிராளி உங்கள் பேக்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்க) மூலைக்கு ஆழமாக ஒரு டாப்ஸ்பின் அடிக்கிறார் என்று வையுங்கள். ஓடும்போதே பொத்தானைப் பிடித்தால் ஆள் அடிக்கத் தயாராகி வேகம் குறைவார். பந்து எட்டாது. எட்டினாலும் டைமிங் பிந்தி, வலையிலோ கோட்டுக்கு வெளியிலோ போகும். அங்கே பொத்தானைத் தட்டி, ஸ்லைஸ் ஒன்றைக் குறுக்காக மெதுவாக விட்டு, அது மிதந்து போகும் நேரத்தில் கோர்ட்டின் நடுவுக்குத் திரும்பிவிட வேண்டும். அடுத்த பந்து அரைக் கோர்ட்டில் குறைந்து விழுந்தால் அப்போது பிடித்து அடியுங்கள். இப்படிப் பொறுத்து ஆட வைப்பதுதான் இந்தக் கேமின் பெரிய நிறை. வெறும் வேகத்தை மட்டும் நம்பினால் தோல்விதான்.

தரைக்கும் குணம் இருக்கிறது. களிமண்ணில் பந்து வேகம் குறைந்து எழும்பும், புல்லில் தாழ்ந்து வழுக்கிப் போகும். கொழும்பு 7இல் டென்னிஸ் சங்கத்தின் களிமண் கோர்ட்டுகளில் ஆடிப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். நீண்ட ரலிகள் (பந்து மாறி மாறிப் போய்வரும் அடிகள்) ஆட்டக்காரரின் சக்தியைக் குடிக்கும். களைத்தவரின் அடியில் வேகமும் துல்லியமும் போய்விடும் என்பதால், எதிராளியை இருபுறமும் ஓடவைப்பதே ஒரு முறையான தந்திரம். நான்கு கிராண்ட் ஸ்லாம் அரங்குகளும் உரிமத்தோடு உள்ளன.

கேம் சரியில்லை என்று சொல்பவர்களில் பலருக்குச் சிக்கல் டிவியில் இருக்கிறது. செக்கனுக்கு 60 பிரேம் (படம்) என்று ஓடும் கேமில் ஒரு பிரேம் என்பது 16.7 மில்லி செக்கன். படத்தை அழகாக்கும் வேலையெல்லாம் இயங்கிக்கொண்டிருந்தால் டிவி 50 முதல் 100 மில்லி செக்கன் வரை தாமதமாகக் காட்டலாம். அதாவது 3 முதல் 6 பிரேம். நீங்கள் சரியாக அழுத்தினாலும் கேம் 'பிந்திவிட்டது' என்கும். டிவி மெனுவில் கேம் மோடைப் போடுங்கள். அசைவை வழுவழுப்பாகக் காட்டும் மோஷன் ஸ்மூதிங்கை நிறுத்துங்கள். பிறகும் எப்போதும் பிந்தியே வந்தால் மட்டும் உங்கள் கையைச் சந்தேகியுங்கள். டைமிங் காட்டும் அளவுகோலைக் கொஞ்ச நாள் வடிவாகப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம், அதாவது பிந்தியோ முந்தியோ தவறினால் அழுத்தும் கணத்தை அதற்கேற்ப மாற்றுங்கள், மாறி மாறித் தவறினால் கைக்கு இன்னும் பழக்கம் வேண்டும்.

தம்பியோடு ஒரே திரையில் ஆடும்போது ஒருவர் தூரத்துப் பக்கத்தில் நிற்க வேண்டி வரும். அங்கிருந்து பந்தின் ஆழத்தைக் கணிப்பது கடினம். ஆளுக்குச் சரிபாதி அந்தப் பக்கம் ஆடினால் சண்டை வராது.

இனிக் குறைகள். கரியர் ஆட இணையம் கட்டாயம். ரவுட்டருக்குப் பின்துணை மின்சாரம் இல்லாத வீட்டில் கரண்ட் போய் வந்தால், லைன் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். சேர்வரை நிறுவனம் ஒருநாள் மூடினால் கரியரில் நீங்கள் உருவாக்கிய ஆட்டக்காரரும் அதோடு போய்விடுவார், இது எனக்குப் பெரிய வருத்தம். மாதந்தோறும் பயிற்சி, சிறப்புப் போட்டி, தொடர் என்று ஒரே வட்டம் சுழல்வதால் சீக்கிரம் அலுக்கும். உங்கள் ஆட்டக்காரர் ஏறக்கூடிய உச்சம் 30ஆம் நிலை. ஆட்டக்காரரின் திறமைகளுக்குப் பிரித்துப் போட்ட புள்ளிகளைப் பின்னர் மாற்ற விசி என்ற கேம் காசு வேண்டும், அதை நிஜப் பணத்துக்கும் விற்கிறார்கள். அதனால் எந்தப் பாணியில் ஆடப்போகிறீர்கள் என்று தெரியும்வரை புள்ளிகளைச் சேர்த்து வையுங்கள். வலைக்கு அருகே வராதவர் வொலியில் (பந்து தரையில் படும் முன் அடிப்பது) புள்ளி கொட்டுவது வீண். களைப்பு ஏறிய மாதத்தில் தொடரை விட்டு ஓய்வெடுங்கள், இல்லாவிட்டால் காயம் வரும்.

வர்ணனை கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவரின் குரலும் கைதட்டலும்தான். ரொஜர் பெடரர், செரீனா, அல்கராஸ், சுவியாடெக், ஸ்டெஃபி கிராஃப் எல்லாம் இருந்தாலும், வெளியானபோது ஜோகோவிச்சும் நடாலும் இல்லை. இருவரும் வேண்டும் என்றால் பிக் ஆன்ட் உருவாக்கிய டைபிரேக் என்ற டென்னிஸ் கேம் இருக்கிறது. ஆட்டக்காரர் பட்டியல் அதில் பெரிது, ஆனால் கையில் உணரும் துல்லியத்தில் டாப்ஸ்பின்தான் மேல் என்பது என் தீர்ப்பு.

வாங்கும் வழியிலும் கவனம் வேண்டும். பிஎஸ்என்னில் (பிளேஸ்டேஷனின் இணையக் கணக்குச் சேவை) இலங்கை ஒரு நாடாகவே இல்லை என்பதால் எல்லோரும் வேறு நாட்டுக் கணக்கில்தான் இருக்கிறோம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் டிஸ்க் வாங்கினால் அது எந்தப் பிராந்தியத்துக்கானது என்று உறையைத் திருப்பிப் பாருங்கள். டிஸ்கின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் பொருந்தாவிட்டால் பிறகு வாங்கும் கூடுதல் பொருட்கள் அந்த டிஸ்கில் வேலை செய்யாது. கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை வழியாக வாங்குபவர்களுக்கு ஒரு வசதி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தில் கரியரைத் தொடாமல் முதலில் கேமின் பயிற்சிப் பகுதியான டாப்ஸ்பின் அகடமிக்குப் போங்கள். முன்னாள் டென்னிஸ் வீரர் ஜோன் மெக்கன்ரோவின் குரல் வழிகாட்டும். டைமிங் பாடங்களை முடித்துவிட்டு, களிமண்ணில் ஒன்று, புல்லில் ஒன்று என்று இரண்டு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.