முறைப்பாடு வந்துவிட்டது, ஷெட்டை இடிக்க வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது) ஒன்றில் இருக்கிறோம். பின் வளவின் கோடியில், வேலியில் இருந்து ஓரடி தள்ளி, 4 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமுமான மர ஷெட் ஒன்று போட்டோம். ஃப்ரீசர், அரிசி மூட்டை, பிள்ளைகளின் சைக்கிள் வைக்கத்தான். ஒரு பக்கம் சரிந்த தட்டைக் கூரை. எங்கள் வளவு பக்கத்து வளவை நோக்கிச் சரிவானது. மேட்டுப் பக்கம் அளந்தால் உயரம் 2.46 மீற்றர், வேலிப் பக்கம் அளந்தால் 2.72. பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்திருக்க வேண்டும், கவுன்சிலில் இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பிளான் கீறும் ஒருவர், உடனே அனுமதிக்கு விண்ணப்பிக்காவிட்டால் இடிக்கச் சொல்வார்கள், 1800 பவுண் தந்தால் தான் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஊரில் இருந்து வரும் கணவரின் உறவுக்காரப் பொடியனைச் சில மாதம் அதில் தங்கவைக்கவும் யோசித்திருந்தோம். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்த 1800 பவுணைக் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகள் சரியென்றால் உங்கள் ஷெட்டுக்கு பிளானிங் அனுமதி தேவையே இல்லை. தேவையில்லாத அனுமதியை வாங்கித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவர் உங்கள் பயத்தைத்தான் விலை பேசுகிறார்.

இங்கிலாந்தில் சாதாரண வீட்டின் பின் வளவில் ஷெட் போடுவதற்கு அரசாங்கமே ஒரு பொது அனுமதியைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் உத்தரவு அது. அதன் அளவுகளுக்குள் கட்டினால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரின் சம்மதமும் வேண்டாம், அவருடைய எதிர்ப்புக்கு அங்கே இடமும் இல்லை. இதை நம் ஆட்கள் மறுபக்கமாகவும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "அவர் ஓமென்று சொன்னவர், பிரச்சினை இல்லை" என்று 3 மீற்றருக்கு எழுப்பிவிட்டுப் பிறகு வந்து நிற்பார்கள். அயலவர் ஓமென்றாலும் வேண்டாமென்றாலும் அளவு அளவுதான்.

உங்களுக்குப் பொருந்தும் உயர அளவு ஒன்றே ஒன்று. ஷெட்டின் எந்தப் பகுதியாவது எல்லையில் இருந்து 2 மீற்றருக்குள் இருந்தால், முழு ஷெட்டின் உச்சியும் 2.5 மீற்றரைத் தாண்டக் கூடாது. உங்களுடையது ஓரடியில் நிற்கிறது, ஆகவே 2.5தான் உங்கள் எல்லை. "வேலிக்குக் கிட்ட உள்ள பக்கத்தைப் பதித்து, மற்றப் பக்கத்தை 3 மீற்றருக்கு உயர்த்தலாம்" என்று சில பில்டர்மார் சொல்வார்கள். கேட்காதீர்கள். எல்லாப் பகுதியும் 2 மீற்றருக்கு அப்பால் நின்றால்தான் தட்டைக் கூரைக்கு 3, இரு பக்கமும் சரியும் கூரைக்கு 4 என்ற அளவுகள்.

இனி உங்கள் 2.46க்கும் 2.72க்கும் வருவோம். இந்த இடத்தில் உங்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது, ஆனால் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிலம் சரிவாக இருந்தால், கட்டடத்தை ஒட்டியுள்ள நிலத்தில் எது மிக உயரமான இடமோ அங்கிருந்துதான் உயரம் அளக்கப்படும். பள்ளத்தில் இருந்து அல்ல, சராசரியும் எடுப்பதில்லை. மேட்டுப் பக்கம் 2.46 என்றால் உங்கள் ஷெட்டின் உயரம் 2.46தான். பக்கத்து வீட்டார் 2.7 என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் நிற்கும் பக்கத்தில் அவருக்குத் தெரிகிற உயரம் அதுதான். சட்டம் எடுக்கும் உயரம் அது இல்லை, அவ்வளவே.

ஆனால் மூன்று விஷயங்களை இன்றைக்கே பாருங்கள். முதலாவது, நீங்கள் எங்கே நாடாவின் நுனியை வைத்தீர்கள்? ஷெட்டின் அடியில் கொங்கிறீட் தளம் போட்டிருப்பீர்கள். அந்தத் தளத்தின் மேலிருந்து அளந்திருந்தால் அது பிழை. தளத்துக்கு வெளியே, புல்தரையில் வைத்து அளக்க வேண்டும். தளம் 10 சென்ரிமீற்றர் தடிப்பென்றால் உங்கள் 2.46 அந்த நிமிடமே 2.56 ஆகிவிடும். கடையில் வாங்கும் ஷெட்டின் பெட்டியில் "2.4 மீற்றர்" என்று போட்டிருப்பதும் தளத்தைச் சேர்க்காத அளவு. இரண்டாவது, மேட்டுப் பக்கம் இயற்கையான மேடா, அல்லது ஷெட் போடும்போது தோண்டிய மண்ணை அந்தப் பக்கம் கொட்டி மட்டப்படுத்தினீர்களா? கொட்டிய மண்ணும், போட்ட மரத்தளமும், பதித்த கல்லும் நிலமாகக் கணக்கில் வராது. பழைய நிலம் எங்கே இருந்ததோ அதுதான் கணக்கு. மண் நிரப்பியிருந்தால் வேலை தொடங்குமுன் எடுத்த படம் ஏதாவது போனில் இருக்கிறதா என்று தேடுங்கள், பிள்ளைகள் வளவில் விளையாடிய படமானாலும் பரவாயில்லை. மூன்றாவது, கூரையின் மிக உயர்ந்த விளிம்பு வரை அளந்தீர்களா? சுவரின் தலைப்பு வரை அளந்துவிட்டு, அதற்கு மேல் நிற்கும் கூரைப் பலகையையும், தண்ணீர் புகாமல் ஒட்டும் ஃபெல்ட் விரிப்பையும் விட்டுவிடுகிறவர்கள் பலர். இந்த மூன்றையும் பார்த்த பிறகும் 2.5க்குள் நின்றால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொரு விதி, வளவின் பாதிக்கு மேல் கட்டடங்களால் மூடக் கூடாது என்பது. பின்னால் பெரிய எக்ஸ்ரென்ஷன் போட்டிருந்தால் அதையும் ஷெட்டோடு கூட்டிப் பாருங்கள். ஹரோவின் 1930களின் வளவுகள் நீளமானவை, பெரும்பாலும் பயமில்லை.

கடிதத்துக்கு வருகிறேன். கவுன்சிலில் இருந்து வரும் எல்லாக் கடிதமும் ஒன்றல்ல. விளக்கம் கேட்டு வரும் சாதாரணக் கடிதம், அவர்கள் ஒரு முறைப்பாட்டைப் பதிந்துவிட்டார்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. கடிதத்தின் தலைப்பில் பிளானிங் கொன்ட்ரவென்ஷன் நோட்டிஸ் (விதிமீறல் சந்தேகத்தில் சட்டப்படி தகவல் கேட்பது) என்று இருந்தால் மட்டும் கவனம்: அதற்கு 21 நாளுக்குள் பதில் தராமல் விடுவது குற்றம். என்போர்ஸ்மென்ட் நோட்டிஸ் (விதிமீறலைச் சரிசெய்யக் கட்டளையிடுவது) என்றால் இன்னும் பெரிய விஷயம். அதில் ஒரு நடைமுறைத் திகதி இருக்கும், மேல்முறையீடு அந்தத் திகதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் கதவு மூடிவிடும். உங்களுக்கு வந்திருப்பது முதல் வகைதான் என்று நீங்கள் எழுதியதில் இருந்து தெரிகிறது.

இந்தக் கடிதங்களை எழுதும் முறையைப் பற்றி நான் கோபமாகவே சொல்கிறேன். "அனுமதியற்ற கட்டுமானம் நடந்திருப்பதாகக் கூறப்படுகிறது" என்று தொடங்கி, சட்டப் பிரிவு எண்களை அடுக்கி, கடைசி வரியில்தான் "தகவல் தரவும்" என்று வரும். ஆங்கிலம் சரளமாக வாசிக்கிறவரே நடுங்குவார். முறைப்பாடு கிடைத்ததும் ஒரு உத்தியோகத்தர் நாடாவோடு வந்து 10 நிமிடம் அளந்தால் முடியும் அலுவல் இது. அதற்குப் பதிலாகக் கடிதம் மட்டும் போகிறது. விபரம் கேட்டுத் தொலைபேசி எடுத்தால் இணையத்தளத்தைப் பார் என்கிறார்கள், நேரில் ஆலோசனை கேட்டால் அதற்குக் கட்டணம் என்கிறார்கள். முறைப்பாடு செய்தவருக்கு ஒரு சதம் செலவில்லை, முறைப்பாட்டுக்கு உள்ளானவர் கிழமைக்கணக்கில் நித்திரை இல்லாமல் இருக்கிறார். தரகர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

பதிலை நீங்களே எழுதுங்கள். நீளம், அகலம், எல்லையில் இருந்து தூரம், நான்கு மூலையிலும் உயரம், மிக உயர்ந்த இயற்கை நிலத்தில் இருந்து எடுத்த உயரம், எப்போது கட்டியது, எதற்குப் பாவிப்பது. மேட்டுப் பக்கத்தில் புல்லில் நாடாவின் அடி தெரிய ஒரு படம், கூரை விளிம்பில் எண் தெரிய ஒரு படம். இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அயலவரைக் குறை சொல்ல வேண்டாம். யார் முறைப்பாடு செய்தது என்று கவுன்சில் சொல்லாது, நீங்களும் ஊகத்தில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். உத்தியோகத்தர் பார்க்க வர விரும்பினால் நாள் குறித்துக் கொடுங்கள்.

உயரம் உண்மையிலேயே 2.5ஐச் சில சென்ரிமீற்றர் தாண்டியிருந்தால்? அதற்கும் இடிப்பு என்று அர்த்தமில்லை. நடவடிக்கை எடுப்பதா இல்லையா என்பது கவுன்சிலின் விருப்பத்துக்கு விடப்பட்டது, அதுவும் பாதிப்புக்கு அளவாக இருக்க வேண்டும் என்பதே அரசாங்கத்தின் கொள்கை. கூரையைக் கழற்றி மரச் சட்டகத்தை வெட்டிப் பதிப்பது ஒரு தச்சரின் சனிக்கிழமை வேலை, 1800 பவுணை விட மலிவு. கட்டிய பிறகு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. ஆனால் அவசரப்பட்டுப் போடாதீர்கள். அது மறுக்கப்பட்டால், பின்னால் என்போர்ஸ்மென்ட் நோட்டிஸ் வரும்போது எதிர்க்கும் வழிகளில் முக்கியமான ஒன்று அடைபடக்கூடும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு இந்த விதி இறுகியிருக்கிறது. உங்கள் பிளான் கீறுபவர் இதைச் சொன்னாரா?

அவர் அடுத்ததாக "4 வருடம் சத்தமில்லாமல் இருந்தால் சட்டபூர்வமாகிவிடும்" என்றும் சொல்வார். இன்றைக்கு அது பழைய கதை. 2024 ஏப்ரல் 25க்கு முன் கட்டி முடிந்தவற்றுக்கே அந்த 4 வருடம். இங்கிலாந்தில் அதற்குப் பிறகு முடிந்தவற்றுக்கு 10 வருடம். மறைத்து வைத்தால் அதுவும் கிடைக்காமல் போகலாம். சரே பகுதியில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு கோட்டை வீட்டையே மறைத்துக் கட்டி, 2006இல் வைக்கோலை அகற்றி, 4 வருடம் கடந்துவிட்டது என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016இல் வீடு இடிக்கப்பட்டது.

இனி அந்தப் பொடியனின் விஷயம். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். ஷெட்டில் ஆளைத் தங்க வைக்காதீர்கள். பொது அனுமதி, வீட்டுக்குத் துணையான பாவனைக்குத்தான்: சாமான் வைக்க, உடற்பயிற்சி செய்ய, பிள்ளை படிக்க. ஒருவர் மாதக்கணக்கில் படுத்து எழும்பும் இடம் அதற்குள் வராது. உங்கள் ஷெட் 12 சதுர மீற்றர். 15க்குள் இருப்பதால் பில்டிங் கொன்ட்ரோல் எனும் கட்டடத் தர, பாதுகாப்பு விதிகளில் இருந்தும் விலக்கு. ஆனால் அந்த விலக்கும் நித்திரை கொள்ளும் இடமாக இல்லாதவரைதான். ஒரு கட்டிலைப் போட்டதும் இரண்டு பாதுகாப்பும் ஒன்றாகப் போய்விடும். 2013இல் லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் நகரக் கவுன்சில் ஆள் வசிக்கும் ஷெட்டுகளைக் கண்டுபிடிக்க வெப்பக் கமெரா பூட்டிய விமானத்தையே பறக்கவிட்டது. அளவு விஷயத்தில் அசட்டையாக இருக்கும் உத்தியோகத்தரும், கட்டில் என்றால் உடனே வருவார். சட்டத்தை விடுங்கள்: ஃப்ரீசரும் எக்ஸ்ரென்ஷன் வயரும் ஹீற்றரும் உள்ள மரப் பெட்டிக்குள், புகை எச்சரிக்கைக் கருவி இல்லாமல், ஒரு பிள்ளையைப் பனிக்காலத்தில் படுக்க விடுவீர்களா? வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை ஒதுக்குங்கள். அந்த ஃப்ரீசருக்கும் பதிவு பெற்ற எலெக்ரீசியனைக் கொண்டு லைன் எடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இடியப்பம் அவித்து விற்கும் யோசனை இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், அளவுகளுக்கு வெளியே. உங்கள் கூரை எந்தப் பக்கம் சரிகிறது? வேலிப் பக்கம் என்றால், மழைத் தண்ணீர் அந்த ஓரடிக்குள் விழுந்து சரிவில் இறங்கி அவருடைய வளவில்தான் தேங்கும். பீலி பூட்டி, தண்ணீரை உங்கள் பக்கம் ஒரு பீப்பாவுக்கு இறக்குங்கள். நான் பார்த்த ஷெட் முறைப்பாடுகளில் பலவற்றுக்கு உண்மையான காரணம் உயரம் இல்லை, தண்ணீர். சனங்கள் தண்ணீரைப் பற்றி எழுதினால் கவுன்சில் கவனிக்காது என்பதால் உயரத்தைப் பற்றி எழுதுகிறார்கள்.

கவுன்சில் திருப்தியடைந்தால், விசாரணை முடிந்துவிட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தொலைபேசியில் "சரி" என்றது போதாது. முழு உறுதி வேண்டுமென்றால், கட்டியது சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், கவுன்சில் 8 கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இனி ஏதாவது புதிதாகக் கட்டுவதென்றால் இந்தச் சான்றிதழைக் கட்டுமுன் கேளுங்கள், அப்போது கட்டணம் சாதாரண விண்ணப்பத்தின் பாதி. வந்த கடிதத்தையும் படங்களையும் எலெக்ரீசியனின் சான்றிதழையும் வீட்டு உறுதிப் பத்திரத்தோடு வையுங்கள். நாளைக்கு வீடு விற்கும்போது வாங்குகிறவரின் சொலிசிற்றர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.