பனியாறுகளும் ஒரு தவறான ஆண்டும்

கேள்வி: இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை கூறியதாகவும், பிறகு அது தவறென்று ஒப்புக்கொள்ளப்பட்டதாகவும் படித்தேன். பல வல்லுநர்கள் சரிபார்த்த அறிக்கையில் இப்படியொரு பிழை எப்படி நுழைந்தது? அந்தச் சரிபார்ப்பை நம்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2007-இல் வெளியான நான்காம் மதிப்பீட்டு அறிக்கையில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளை ஆராயும் இரண்டாம் பணிக்குழு எழுதிய தொகுதியின் ஆசிய அத்தியாயத்தில் அந்த வரி இருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005-ஆம் ஆண்டு அறிக்கை. அதுவோ, ஓர் ஆய்வாளரின் பேட்டியை ஒட்டி 1999-இல் நியூ சயின்டிஸ்ட் இதழில் வந்த செய்தியைச் சார்ந்திருந்தது. சக ஆய்வாளர்கள் பரிசீலித்த கட்டுரை எதுவும் இந்தச் சங்கிலியில் இல்லை. அதே பத்தியில், பனியாறுகளின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்றும் எழுதப்பட்டிருந்தது. இதே இரு எண்கள் 1996-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ ஆவணம் ஒன்றில் உள்ளன. ஆனால் அங்கே அவை துருவப் பகுதிகளுக்கு வெளியே உலகெங்கும் உள்ள பனியாறுகளைக் குறிக்கின்றன, ஆண்டும் 2350. இமயமலைப் பனியாறுகளின் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

வரைவைப் படித்தவர்கள் உறங்கிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். முற்றிலும் மறையும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே ஒரு லட்சம் மிஞ்சும் என்பது எப்படி என்று ஒரு மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார். இக்கூற்று எவ்வளவு உறுதியானது என்று ஜப்பான் அரசு கேட்டிருந்தது. இரண்டும் எழுத்தில் இருந்தும் வரிகள் அப்படியே அச்சேறின. ஆகவே குறை, கேள்வி எழாததில் இல்லை. எழுந்த கேள்விக்கு விடை வாங்காமல் அத்தியாயத்தை மூட அனுமதித்ததில்தான் இருக்கிறது. மதிப்பாய்வாளர் எவ்வளவு சுயேச்சையானவராக இருந்தாலும், அவர் குறிப்பை ஏற்பதும் தள்ளுவதும் அத்தியாய ஆசிரியர்கள் கையில் இருக்கும்வரை, அதைக் கண்காணிக்க வேறொருவர் தேவை. அதற்கென்றே மதிப்பாய்வுப் பதிப்பாளர்கள் அப்போதும் நியமிக்கப்பட்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. தவறை ஏற்று வருத்தம் தெரிவித்தது. பின்னர் ஐ.நா. பொதுச் செயலர் பான் கி-மூனும் ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரியும் கேட்டுக்கொண்டதன்பேரில், பல நாட்டு அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு, ஹெரால்ட் ஷாப்பிரோ தலைமையில் நடைமுறையையே ஆராய்ந்து ஆகஸ்டில் அறிக்கை தந்தது. மதிப்பாய்வுப் பதிப்பாளர்கள் தங்கள் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும், சக ஆய்வுக்கு உட்படாத ஆதாரங்களைக் கையாள்வதில் கண்டிப்பு வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளுள் முக்கியமானவை. வெளியான பிறகு கண்டறியப்படும் பிழைகளைத் திருத்துவதற்கான விதிமுறையும் அதன்பின் வகுக்கப்பட்டது.

நம்பலாமா என்கிறீர்கள். 2021-இல் வந்த ஆறாம் அறிக்கையின் முதல் தொகுதிக்கு 78,007 கருத்துரைகள் வந்தன. அவற்றோடு ஆசிரியர்களின் விடைகளும் வெளியிடப்பட்டுள்ளன. எண்ணிக்கையைவிட இந்த விடைகளையே நான் மதிக்கிறேன். 2035 என்ற ஆண்டு பொய்த்ததால் பனியாறுகள் பிழைத்துவிட்டன என்றும் கொள்ள வேண்டாம்: உலக வெப்ப உயர்வு 1.5 பாகை செல்சியஸோடு நின்றாலும், இந்துகுஷ்-இமயமலைப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அழியும் என்பது, காத்மாண்டுவிலுள்ள ஐசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு.