வடிகான் வேலையை வேறு பெயரில் கேளுங்கள்

திருகோணமலை மாவட்டத்து மூதூரில் வடிகானை அகலப்படுத்தக் கேட்ட உங்கள் கோப்பு, "காலநிலை மாற்றத்துக்குப் பாதீட்டில் இடமில்லை" என்று திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மனம் தளரவேண்டாம். அதே வேலையை அனர்த்தத் தணிப்பு, அதாவது வெள்ளம் போன்றவற்றின் பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலை என்று கேளுங்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தைச் சுட்டிக்காட்டலாம்.

என்னைக் கேட்டால், பெரிய முட்டுக்கட்டை நாட்காட்டிதான். பாதீட்டு ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது. அப்போது வடகீழ்ப் பருவமழையில் கொட்டியாரக் குடாவை ஒட்டிய பள்ளக் காணிகள் ஊறிக்கிடக்கும். மதிப்பீடு, கேள்விப்பத்திரம், அனுமதி என்று இழுபட்டால் அடுத்த மாரி வந்துவிடும். ஆகவே மதிப்பீட்டை முந்திய ஆண்டிலேயே முடித்து வையுங்கள்.

மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதா, வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட துண்டுக்கு யாரும் பொறுப்பேற்காவிட்டால் உங்கள் வடிகானால் பயனில்லை. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் விட்டுப்போன சேற்று அடையாளத்தை அளவுகோலோடு படமெடுத்துக் கோப்பில் இணையுங்கள்.