சந்தா பாக்கியும் துக்கமணியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தென்மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தை, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபை வட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஊர்ப் பெயர் வேண்டாம். போன வருடம் அப்பா இறந்துபோனார். விடியற்காலை நாலு மணிக்கே, கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டோம். மணி அடிக்கவில்லை. ஏழு மணிக்கு மேல் கமிட்டி ஆள் ஒருவர் வந்து, "சபைச் சந்தா நாலு வருசம் பாக்கி நிக்கி, அத முடிச்சிட்டா ஐயர் வந்துருவாங்க" என்றார். அப்பா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவர். கடன் வாங்கிக் கட்டினேன். பதினோரு மணிக்கு மணி அடித்தது. ஐயர் வந்தார், அடக்க ஆராதனையும் குறையில்லாமல்தான் நடத்தினார். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சபைத் தேர்தலில் நாங்கள் எதிரணி.

அன்றிலிருந்து அவர் கையால் திருவிருந்தின் அப்பத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பிரசங்கம் முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறேன். என் மனைவி டவுனில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். அங்கே பாஸ்டருக்கு எங்கள் பிள்ளைகளின் பரீட்சைத் தேதிகூடத் தெரிந்திருக்கிறது. கமிட்டியில் கேட்டால் 'அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், "அங்கெல்லாம் சபையே பாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும், சரியில்லை என்றால் அனுப்பிவிடும்" என்கிறார். நான் இந்தச் சபையை விட்டுவிடலாமா? அவர் கையால் அப்பம் வாங்குவது சரியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள தம்பி,

(மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் ஐயர் என்றால் சபைக்குரு. அவர் மனைவி ஐயரம்மா. சாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

நான் ஒரு ஐயர் மகன். சபைக்குருவின் வீடான குருமனையில் வளர்ந்தவன். அதனால் இந்தக் கடிதத்துக்கு நடுநிலையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு உங்கள் ஐயர் முகம் தெரியவில்லை, என் அப்பா முகம்தான் தெரிந்தது.

1974. எனக்குப் பத்து வயது. ஒரு பனையேறி இறந்துபோனார். சந்தா பாக்கி. எத்தனை வருடம் என்று நினைவில்லை, பெரிய தொகையாக இருக்க வழியில்லை. கமிட்டி ஆட்கள் மூன்று பேர் குருமனைத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். "இவனுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எவனும் கட்டமாட்டான் ஐயா" என்றார்கள். அப்பா உள்ளே போனார், வெளியே வந்தார், திரும்ப உள்ளே போனார். அதற்கு முந்தின மாதம்தான் அவர்மேல் பேராயருக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போயிருந்தது. அக்கா பதினோராம் வகுப்பு. நடுவருடத்தில் மாற்றல் வந்தால் அவள் படிப்பு போச்சு. மதியம் வரை மணி அடிக்கவில்லை. வெயில் ஏறியபின் அந்த வீட்டார் எங்கிருந்தோ பணம் புரட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா அங்கியை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. அந்தப் பனையேறியின் மனைவி வந்து கிராதியில் முழங்கால்போட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். அப்பா அப்பத்தை வைக்கும்போது கை நடுங்கியதை முன்வரிசையில் இருந்த நான் பார்த்தேன்.

அவள் ஏன் கை நீட்டினாள் என்ற கேள்வி இன்றுவரை எனக்கு இருக்கிறது. உங்கள் கேள்வியும் அதுதான், நீங்கள் அதை மறுபக்கத்திலிருந்து கேட்கிறீர்கள்.

இந்தக் கேள்விக்காக வட ஆப்பிரிக்கத் திருச்சபையே இரண்டுபட்டிருக்கிறது. ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் 303ல் கிறிஸ்தவர்களை ஒடுக்கத் தொடங்கியபோது, வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்து உயிர் தப்பிய குருமார் வட ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். ஒடுக்குமுறை ஓய்ந்தபின் கார்த்தேஜில் சிசிலியன் என்பவர் ஆயரானார். அவர் தலைமேல் கைவைத்துப் பட்டம் கொடுத்தவர்களில் ஒருவர் புத்தகத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஒரு கட்சி கிளம்பியது. கறைபட்ட கை கொடுத்த பட்டம் செல்லாது, அந்த ஆயர் கொடுக்கும் ஞானஸ்நானமும் செல்லாது என்றார்கள். டொனேட்டிஸ்டுகள் என்று பெயர். ஊருக்கு ஊர் இரண்டு கோயில், இரண்டு ஆயர். நூறு வருடம் கழித்து ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்தீன் இவர்களோடு மல்லுக்கட்டினார். பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்றார். அதற்கு அவர் சொன்ன உவமை ஒன்றை நம் தாமிரபரணிக்காரர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் கல் வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் போகிறது. வாய்க்காலில் ஒன்றும் முளைக்காது. பாத்தி விளையும்.

ஆகவே, அப்பம் உங்கள் ஐயருடையது அல்ல. அவர் வாய்க்கால். அவருக்காக நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அந்தப் பனையேறியின் மனைவிக்கு அகஸ்தீனைத் தெரிந்திருக்காது, ஆனால் இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நான் ஐயர்களின் வக்கீல். இந்தக் கோட்பாட்டின் நிழலில் ஒதுங்கிக்கொண்ட குருமார் கொஞ்சநஞ்சம் இல்லை. 'நான் எப்படி இருந்தால் உனக்கென்ன, அப்பம் செல்லும்' என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நடந்து காட்டுவார்கள். நம் பக்கத்துச் சபைகள் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்தவை. அந்தச் சபை 1571ல் முடிவுசெய்த முப்பத்தொன்பது கோட்பாடுகளில் இருபத்தாறாவது இதைப் பற்றியதுதான். முதல் பாதி அகஸ்தீன் சொன்னது: குருவின் தகுதியின்மையால் திருவிருந்தின் பலன் குறையாது. இரண்டாம் பாதியை யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. கெட்ட குருமாரைப் பற்றி விசாரணை நடக்க வேண்டும், அவர்கள் குற்றத்தை அறிந்தவர்கள் முன்வந்து குற்றஞ்சாட்ட வேண்டும், நியாயமான தீர்ப்பில் குற்றவாளி என்று கண்டால் பதவியிறக்க வேண்டும் என்கிறது அது. ஒரே கோட்பாடு, தம்பி. கை நீட்டி வாங்கவும் சொல்கிறது, வாய் திறந்து கேட்கவும் சொல்கிறது. நீங்கள் கையையும் மூடிவிட்டீர்கள், வாயையும் மூடிவிட்டீர்கள்.

'அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்பவர்களிடம் 105ஆம் சங்கீதத்தை எடுத்து முன்பின் வாசிக்கச் சொல்லுங்கள். "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்" என்று அங்கே கடிந்துகொள்ளப்படுவது யார்? ராஜாக்கள். காப்பாற்றப்படுவது யார்? ஆபிரகாம் வீட்டார். கொஞ்சம் பேராய், சொந்த நிலமில்லாமல், தேசம் தேசமாக அலைந்த பரதேசிகள். அதிகாரத்தில் இருக்கிறவன் கை ஏழைமேல் படக்கூடாது என்பதற்கான வசனம் அது. அன்று காலை உங்கள் வீட்டில் அந்த அபிஷேகம் யார் பக்கம் இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான் சொல்வதற்கு வருகிறேன். மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன் என்று ஒரு ஊர். ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அங்கே 23 வருடம் போதகர். அமெரிக்கா கண்ட பெரிய இறையியலாளர்களில் ஒருவர். 1744ல் சில இளைஞர்கள் மருத்துவச்சிகளுக்கான புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு பெண்களைக் கேலிசெய்தார்கள் என்று புகார் வந்தது. விசாரணைக்கு வரவேண்டியவர்களின் பெயர்களைப் பீடத்திலிருந்து எட்வர்ட்ஸ் வாசித்தார். குற்றவாளி யார், சாட்சி யார் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஊரில் பாதி வீட்டுக்குத் தலைகுனிவு. (சந்தா பாக்கிப் பட்டியலை ஆராதனையில் வாசிக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டே, அதை நினைத்துக்கொண்டேன்.) சம்பளத் தகராறு வேறு. பிறகு, மெய்யாக மனந்திரும்பியதாக அறிக்கையிடுபவருக்கே திருவிருந்து என்று அவர் சொன்னபோது வெடித்தது. சபை ஓட்டுப்போட்டது. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் போகச் சொன்னார்கள், இருபது பேரளவில் இருக்கச் சொன்னார்கள். 1750 ஜூனில் வெளியேற்றப்பட்டார். அதற்குப்பின் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பதிலுக்குப் போதகர் கிடைக்கவில்லை. விரட்டிய அதே சபை பல மாதங்கள் அவரையே கூப்பிட்டுப் பிரசங்கம் பண்ணச் சொன்னது. அவரும் பண்ணினார்.

தேர்ந்தெடுக்கும் உரிமையும் விரட்டும் உரிமையும் இருந்த இடத்திலும் இந்த உறவு இப்படித்தான் போயிற்று. நம் ஏற்பாட்டில் வேறொரு சிக்கல். ஐயரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு நீங்கள் நேராகச் சம்பளமும் கொடுக்கவில்லை. பணம் பேராயரின் நிர்வாகமான திருமண்டலத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது, மாற்றல் உத்தரவும் அங்கிருந்தே வருகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களோ நம் சேகரங்களிலிருந்து தேர்தலில் ஜெயித்துப் போனவர்கள். ஆக, ஐயரின் மாற்றல் ஓர் அணியின் கையில் இருக்கிறது. அந்த அணியின் ஆள் உங்கள் ஊர்க் கமிட்டியில் இருக்கிறார். ஐயர் உங்கள் வீட்டுப் படி ஏறாததற்குப் பாதிக் காரணம் இதற்குள் கிடக்கிறது. நியாயப்படுத்தவில்லை. என் அப்பா அன்று உள்ளேயும் வெளியேயும் நடந்ததும் இதற்குள்தான்.

எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தை மேய்ப்பர்களைத் திட்டுவதற்கு எல்லோரும் எடுப்பார்கள். கொழுத்தவைகளை அடித்துத் தின்று மந்தையை மேய்க்காமல் விட்டவர்கள் என்று அது நெருப்பாகத் தொடங்கும். பதினேழாம் வசனத்துக்குமேல் வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் ஆடுகள் பக்கம் திரும்புகிறார். நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மிச்சத்தைக் காலால் மிதிக்கிற ஆடு, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்கிவிடுகிற ஆடு, விலாவாலும் தோளாலும் முட்டிப் பலவீனமானதைத் தள்ளுகிற ஆடு. அன்று உங்கள் வாசலுக்கு வந்தவர் ஐயர் இல்லை, ஓர் ஆடு. 1974ல் எங்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் மூன்று ஆடுகள்.

விட்டுப்போகலாமா என்றால், போகலாம். நம் பாட்டன்மார் போயிருக்கிறார்கள். 1835ல் திருநெல்வேலிப் பக்கம் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரை அவருடைய மிஷன் சங்கம் விலக்கியது. அவர் ஆற்காட்டுக்குப் போய்விட்டார். ஊர்ச் சபைகளைக் கவனித்த உபதேசிமார் எழுதிக் கேட்டதன்பேரில் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தார். சபைகள் பல சங்கத்தை விட்டுவிட்டு அவரோடு நின்றன. 1857ல் நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை தலைமையில் ஒரு கூட்டம் வெள்ளைக்கார மிஷனரிகளின் ஆதிக்கம் வேண்டாம் என்று வெளியேறித் தனிச்சபை கண்டது. அந்தக் கூட்டத்தாரின் சாதியைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849ல் எழுதிய புத்தகமும் அந்தக் கோபத்தில் சேர்ந்துகொண்டது. குருவுக்காகவும் போனார்கள், குருமாரை எதிர்த்தும் போனார்கள். எதற்காகப் போகிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிரசங்கம் முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நழுவவில்லை.

உங்கள் மனைவியை இழுத்து வரவேண்டாம். அந்தப் பாஸ்டர் பிள்ளைகளின் பரீட்சையை நினைவு வைத்திருப்பது நல்ல விஷயம், அதைச் சந்தேகப்படாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே கணக்கைப் பார்ப்பது யார்? அவரைக் கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கிறதா? நம் கமிட்டிகளைத் திட்டுகிறோம், திட்டுவதற்கு ஒரு கமிட்டியாவது இருக்கிறது.

இனி செய்யவேண்டியது. சேகரக் கமிட்டிக்கும் திருமண்டலத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நாலு மணிக்குச் சொன்னது, பதினோரு மணிக்கு மணி அடித்தது, கட்டிய தொகை, ரசீது எண். உரிச்சொல் ஒன்றுகூட வேண்டாம். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள், மொட்டைப் பெட்டிஷன் கூடாது. சந்தா பாக்கிக்காக அடக்கத்தை நிறுத்தக்கூடாது என்று ஒரு தீர்மானம் கேளுங்கள். கிடைக்காமலும் போகலாம்.

ஆனால் அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் முன் அதே காகிதத்தோடு குருமனைக்குப் போய் ஐயரிடம் வாசித்துக் காட்டுங்கள். வராந்தாவில் நின்று பேச வேண்டாம், உள்ளே போய் உட்காருங்கள். அவர் கத்தலாம், வசனம் சொல்லலாம். சும்மாவும் இருக்கலாம்.

என் அப்பாவுக்கு அடுத்த வருடம் மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றியபின், சாயங்காலம் அப்பா அந்தப் பனையேறி வீட்டுக்குத் தனியாக நடந்து போனாராம். அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னாள். அந்த அம்மாள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாளாம். என்ன பேசினார்கள் என்று அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டுக்கும் குருமனைக்கும் இடையில் இருந்த தூரம் இரண்டு பர்லாங்குக்குக் குறைவு.

நீங்கள் போகும்போது உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள்தான் அன்று நாலு மணியிலிருந்து பதினோரு மணிவரை உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.