பத்து நாள் தாங்குது, பதினொண்ணாம் நாள் ஏன் கவுந்துடுது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 41. ஆபீஸ் வேலை. ஆறு மாசம் முன்னாடி எடுத்த டெஸ்ட்ல ஹெச்பிஏ1சி 6.2, சுகர் பார்டர்ல இருக்குன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கே முடிவு பண்ணேன், இனிப்பு கட், காலைல அஞ்சு மணிக்கு வாக்கிங், ராத்திரி போன் கட், சிகரெட் கட், பசங்க மேல கத்தறதும் கட்னு. இதோட நாலு தடவ ஆரம்பிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் பத்து பதினோரு நாள் நல்லா போகும், அப்புறம் ஏதோ ஒரு ராத்திரி எல்லாமே கவுந்துடும். காலைல சாப்பிடறதே இல்ல, மதியம் பேருக்கு கொஞ்சம், அவ்ளோ கட்டுப்பாடு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல நானா இதுன்னு எனக்கே சந்தேகம் வர அளவுக்கு இனிப்பு திங்கறேன். போன தடவ ஆபீஸ்ல ஒரு பர்த்டே, ஒரே ஒரு பீஸ் கேக்தான் சாப்பிட்டேன், அன்னைக்கு ராத்திரி வீட்ல இருந்த சாக்லேட் பாக்ஸ் மொத்தமும் காலி. மனைவி "உங்களுக்கு மனஉறுதியே கிடையாது"ங்கறாங்க. மனஉறுதி தீந்து போற பொருளா டாக்டர்? அத ஏத்த மாத்திரை, டானிக் ஏதாவது இருக்கா?

பதில்: உங்க மெயில் எனக்கு வந்த நேரம் ராத்திரி 1.40. அதே மெயில்ல அஞ்சு மணிக்கு வாக்கிங்னும் எழுதியிருக்கீங்க. நடுவுல முழுசா மூணரை மணி நேரம் கூட இல்ல. மனஉறுதிய பத்தி பேசறதுக்கு முன்னாடி இத குறிச்சு வெச்சுக்கறேன், அப்புறம் வரேன்.

டானிக் கிடையாது. மாத்திரை ஒரே ஒரு விஷயத்துக்கு இருக்கு, அதையும் கடைசில சொல்றேன்.

தீந்து போற பொருளான்னு கேட்டீங்களே, அந்த கேள்விய இருபது வருஷம் முன்னாடி கேட்டிருந்தா யோசிக்காம ஆமான்னு சொல்லியிருப்பேன், ஏன்னா அப்ப எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். 1998ல அமெரிக்காவுல ராய் பாமைஸ்டர்னு ஒரு உளவியல் பேராசிரியர், காலேஜ் பசங்கள ஒரு ரூம்ல உக்கார வெச்சாரு, அப்பதான் சுட்டு எடுத்த சாக்லேட் குக்கீ வாசனை ரூம் பூரா, டேபிள் மேல ஒரு தட்டுல குக்கீ இன்னொரு தட்டுல முள்ளங்கி. கொஞ்ச பேருக்கு குக்கீ, கொஞ்ச பேருக்கு முள்ளங்கி மட்டும்தான்னு உத்தரவு. அதுக்கப்புறம் தீர்வே இல்லாத ஒரு புதிர கையில குடுத்து எவ்ளோ நேரம் முட்டிக்கிட்டு இருக்காங்கன்னு பாத்தாங்க. குக்கீ சாப்பிட்டவங்க கிட்டத்தட்ட 19 நிமிஷம் தாக்குப்பிடிச்சாங்க, முள்ளங்கி பார்ட்டி 8 நிமிஷத்துல கைய விரிச்சுட்டாங்க. ஆக ஆசைய அடக்கினதுலயே சரக்கு தீந்துடுச்சு, மனஉறுதின்னா பெட்ரோல் டேங்க் மாதிரின்னு கதை கட்டியாச்சு. குளுக்கோஸ் குடிச்சா டேங்க் ரொம்பும்னு கூட கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் பாத்தா இனிப்பு தண்ணிய வாயில வெச்சு கொப்பளிச்சு துப்பினாலே சில பரிசோதனைகள்ல அதே பலன் வந்துச்சு, முழுங்கவே இல்ல, அப்ப எங்க இருந்து டேங்க் ரொம்பிச்சு?

2016ல 23 ஆய்வுக்கூடங்க சேந்து ரெண்டாயிரத்துக்கு மேல ஆளுங்கள வெச்சு இந்த டேங்க் கதைய ஒரே முறைல சோதிச்சு பாத்தாங்க, பலன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். 2021ல 36 ஆய்வுக்கூடங்க, மூவாயிரத்து ஐநூறு பேர், இருந்தும் இல்லாத மாதிரி ஒரு சின்ன வித்தியாசம். அதனால டேங்க் கதைய நான் இப்ப பேஷன்ட்ஸ் கிட்ட சொல்றதில்ல.

அப்ப ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு நடக்கறது என்ன, பொய்யா? பொய் இல்ல. ஒண்ணு யோசிச்சு பாருங்க, சாக்லேட் பாக்ஸோட சோபால சரிஞ்சு கிடக்கறீங்க, இனிமே எதுக்கும் தெம்பு இல்லன்னு தோணுது, அப்ப மேனேஜர் போன் பண்றாரு. டக்குனு எழுந்து உக்காந்து குரல மாத்தி "சொல்லுங்க சார்"ன்னு பேசுவீங்களா மாட்டீங்களா? எங்க இருந்து வந்துச்சு அந்த கட்டுப்பாடு? தீந்துபோயிருந்தா வந்திருக்காதுல்ல. சரக்கு இருக்கு, செலவு பண்ண மனசுதான் இல்ல. நாள் பூரா வேண்டாம் வேண்டாம்னு ஒரே பக்கம் இழுத்துட்டே இருந்தா, மூளை ஒரு கட்டத்துல கணக்கு போட ஆரம்பிக்குது, இவ்ளோ கஷ்டப்பட்டு எனக்கு என்ன கிடைச்சுது, எப்பவோ வரப்போற நல்ல ரிப்போர்ட்ட விட இப்ப கைல இருக்கற சாக்லேட் பெருசுன்னு தராசு சாயுது. உடம்புலயும் இதுக்கு ஒரு தடம் இருக்கலாம், 2022ல பாரிஸ்ல ஒரு குழு ஆறு மணி நேரத்துக்கு மேல கஷ்டமான மூளை வேலை குடுத்துட்டு ஸ்கேன் பாத்தப்ப, நெத்திக்கு பின்னாடி பக்கவாட்டுல இருக்கற மூளைப் பகுதில குளுட்டமேட்ங்கற ரசாயனம் சேந்திருந்துச்சு, அவங்கள்லாம் நாளைக்கு கிடைக்கற பெரிய தொகைய விட இப்பவே கிடைக்கற சின்ன தொகைய அதிகமா எடுத்தாங்க. ஒரு ஆய்வுதான், அத வெச்சு நான் கோட்டை கட்ட மாட்டேன்.

ஆனா உங்க கேஸ்ல இவ்ளோ ஆராய்ச்சியே தேவையில்லைன்னு நினைக்கறேன். காலைல சாப்பாடு இல்ல, மதியம் பேருக்கு, தூக்கம் மூணரை மணி நேரம். இதுக்கு பேரு மனஉறுதி குறைவு இல்லங்க, பசி. பகல்ல வயித்த காயப்போட்டா ராத்திரி உடம்பு வட்டியோட வசூல் பண்ணத்தான் செய்யும். தூக்கம் குறைஞ்சா பசிய கெளப்புற கிரெலின் ஹார்மோன் ஏறும், போதும்னு சொல்ற லெப்டின் இறங்கும், அதுலயும் மனசு இனிப்பு பக்கம்தான் போகும். கட்டுப்பாடுன்னு நீங்க பெருமையா எழுதின அந்த பகல்தான் ராத்திரிய கெடுக்குது.

உங்க மனைவி சொன்னதுக்கு வரேன். மனஉறுதி உள்ளவங்கன்னு நாம நினைக்கறவங்க எல்லாம் பல்ல கடிச்சுட்டு ஜெயிக்கறாங்கன்னு ஒரு நினைப்பு. ஜெர்மனில வூர்ஸ்பர்க் நகரத்துல சுமார் 200 பேர் கையில ஒரு கருவிய குடுத்து, நாளுக்கு பல தடவ அது சத்தம் போடும்போதெல்லாம் இப்ப என்ன ஆசை வந்துச்சு, அடக்கினீங்களான்னு கேட்டாங்க, 2012ல வந்த ஆய்வு. சுயகட்டுப்பாடு அதிகம்னு மார்க் வாங்கினவங்க அதிகமா சண்டை போடல, அவங்களுக்கு அந்த மாதிரி இழுபறியே கம்மியாதான் வந்துச்சு. அதாவது சாக்லேட் பாக்ஸ் இருக்கற ரூம்ல அவங்க உக்காரவே இல்ல.

எனக்கு இது ஒரு பிஸ்கட் டப்பால புரிஞ்சுது. ட்ரெய்னிங் காலத்துல நைட் டூட்டி, டூட்டி ரூம் டேபிள்ல போன் பக்கத்துல ஒரு தகர டப்பா, மூடி லூசு. போன் வரும் எடுத்து பேசுவேன், இடது கை தானா டப்பாக்குள்ள போகும், பேசி முடிக்கறப்ப நாலு பிஸ்கட் உள்ள போயிருக்கும், ஒண்ணோட ருசி கூட ஞாபகம் இருக்காது. பேஷன்ட்டுக்கு டயட் சொல்லிட்டு வந்து அடுத்த நிமிஷம் இது. ஒரு நாள் வார்டு சிஸ்டர் கடுப்பாகி டப்பாவ எடுத்து எதிர் ரூம் அலமாரி மேல்தட்டுல வெச்சுட்டாங்க, ஸ்டூல் போட்டு ஏறணும். அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ ஏறியிருப்பேனா இருக்கும். என் மனஉறுதி அந்த ஒரு நாள்ல வளந்துடுச்சா என்ன, ஸ்டூல் ஏற சோம்பேறித்தனம், அவ்ளோதான்!

அதனால சாக்லேட்ட வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க, மத்தவங்களுக்கு வேணும்னா உங்களுக்கு தெரியாத இடத்துல அவங்களே வெச்சுக்கட்டும். போன் சார்ஜர் படுக்கற ரூம்ல இருக்க வேணாம். இத நீங்க பத்து மணிக்கு முடிவு பண்ண கூடாது, சாயங்காலம் தெம்பா இருக்கும்போதே செஞ்சுடணும். பத்து மணிக்கு உங்க கிட்ட நியாயம் எதிர்பாக்க முடியாது, யார் கிட்டயும் முடியாது.

அடுத்து அந்த கேக். ஒரு பீஸ் கேக்ல ஒண்ணும் கெடல, பாக்ஸ காலி பண்ணது கேக் இல்ல, "சரி, போச்சு"ங்கற நினைப்பு. 1975லயே இத பாத்திருக்காங்க, டயட்ல இருக்கறவங்களுக்கு மொதல்ல மில்க் ஷேக் குடுத்துட்டு அப்புறம் ஐஸ்கிரீம் குடுத்தா, மில்க் ஷேக் குடிக்காத டயட்காரங்கள விட இவங்க அதிகமா சாப்பிட்டாங்க, வயிறு ரொம்பியிருக்கறப்பவே. விரதம் கலைஞ்சாச்சு, இனிமே ஒண்ணா இருந்தா என்ன பத்தா இருந்தா என்னங்கற கணக்கு. லண்டன்ல 96 பேர வெச்சு, புது பழக்கம் ஒண்ணு யோசிக்காம தானா வர எவ்ளோ நாள் ஆகுதுன்னு பாத்தாங்க, நடுமட்டமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் போச்சு. நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பெருசா ஒண்ணும் பாதிக்கல. நீங்க பதினொண்ணாம் நாளே தோத்துட்டேன்னு எழுந்து போயிடறீங்க, அதுவும் ஒரு நாள் தவறினதுக்கு மொத்தத்தையும் கலைச்சுட்டு. இன்னொண்ணும் சொல்லணும், ஹெச்பிஏ1சிங்கறது சுமார் மூணு மாசத்து சுகரோட சராசரி, ஒரு ராத்திரி சாக்லேட்டுக்கெல்லாம் அது அசையாது.

அஞ்சு விஷயத்த ஒரே நாள்ல மாத்த பாத்தது பத்தி உங்கள திட்டலாம்னுதான் ஆரம்பிச்சேன், ஆனா ரிப்போர்ட்ட பாத்த பயத்துல எல்லாரும் அதத்தான் செய்யறாங்க. நானா இருந்தா ரெண்டே ரெண்ட எடுப்பேன்: காலைல வயிறு நிறைய சாப்பாடு, பதினொண்ணரைக்குள்ள படுக்கை. அஞ்சு மணி வாக்கிங் இப்போதைக்கு வேணாம், மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபீஸ்லயே இருபது நிமிஷம் நடந்தா சுகருக்கு அதுவே நல்லது. மூணு வாரம் கழிச்சு சிகரெட் கட். சில டாக்டருங்க சிகரெட்தான் மொதல்லம்பாங்க, அதுவும் தப்பில்ல, ரொம்ப தள்ளிப்போடாதீங்க, அவ்ளோதான். நீங்க கேட்ட மாத்திரை இருக்கற இடம் இதுதான், நிகோடின் கம், பேட்ச், வாரெனிக்லின் மாத்திரைன்னு நல்ல சிகிச்சைகள் இருக்கு, டாக்டர பாத்து எடுத்துக்கோங்க, வெறும் வைராக்கியத்த விட இதுல விட்டவங்க அதிகம்.

தனியா செய்யாதீங்க. 2002ல அமெரிக்காவுல மூவாயிரம் பேருக்கு மேல வெச்சு செஞ்ச பெரிய ஆய்வுல, உங்கள மாதிரி பார்டர்ல இருந்தவங்கள்ல சாப்பாடு, நடைனு மாத்திக்கிட்டவங்களுக்கு சர்க்கரை நோய் வர வாய்ப்பு 58 சதவீதம் குறைஞ்சுது. இத எல்லா டாக்டரும் சொல்வோம். சொல்லாம விடறது என்னன்னா, அவங்க ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு கோச் இருந்தாங்க, ஆரம்பத்துலயே தனித்தனியா 16 பாடம் நடத்தி, விழுந்தா தூக்கி விட்டாங்க. உங்களுக்கு அந்த கோச் வேலைய யார் செய்யறது? மனைவி கிட்ட "திட்டாத, டப்பாவ மட்டும் மறைச்சு வை"ன்னு கேட்டு பாருங்க.

இவ்ளோ செஞ்சும் இந்த மாதிரி கட்டுப்படாம திங்கறது வாரத்துக்கு ஒரு தடவையாவது மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்தா, சாப்பிட்டு முடிச்சு உங்க மேலயே அருவருப்பு வந்தா, அது தனி நோய், அதுக்கு தனி சிகிச்சை இருக்கு, மனநல டாக்டர பாக்கணும். எதுலயும் பிடிப்பில்லாம மனசு கனமாவே இருந்தாலும் அப்படித்தான். அடுத்த டெஸ்ட் எடுக்கும்போது தைராய்டும் ஹீமோகுளோபினும் சேத்து பாத்துடுங்க, எப்பவும் அசதியா இருந்தா இது ரெண்டும் காரணமா இருக்கலாம். அப்புறம் நீங்க குறட்டை விடறீங்களான்னு வீட்ல கேளுங்க, நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்துக்கறீங்களான்னும் கேளுங்க, உங்களுக்கே தெரியாது, பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் தெரியும். ஆமான்னா தூக்க பரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கோங்க.