காரில் ஆம்ப்ளிஃபையர் ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, மீட்டரில் 12 வோல்ட்டும் வருகிறது. ஆம்ப் போய்விட்டதா?

போயிருக்காது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். புது ஆம்ப் வாங்கும் யோசனையை இந்த வாரத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. ஸ்டீரியோ பாடுகிறது. ஆம்ப்பில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, ஒரு லைட்டும் எரியவில்லை. ஃபியூஸைக் கண்ணால் பார்த்தீர்கள், அறுந்ததாகத் தெரியவில்லை. போன வாரம்தான் பேட்டரி மாற்றினீர்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், என் சந்தேகமெல்லாம் அதன் மேல்தான்.

சில வருடங்களுக்கு முன் எனக்கும் இதேதான் நடந்தது. மீட்டரை வைத்தேன், 12.4 காட்டியது. கரண்டு வருகிறது, ஆம்ப் எழவில்லை, ஆகவே ஆம்ப் செத்துவிட்டது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கி மாட்டினேன். அதுவும் எழவில்லை. அப்போதும் புத்தி வரவில்லை, புது ஆம்ப்பே பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். கடைசியில் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் வந்தார். அவர் கையில் இருந்தது இரண்டு வயர் பற்றவைத்த ஒரு இண்டிகேட்டர் பல்பு, அவ்வளவுதான். ஆம்ப்பின் பவர் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் அதை வைத்தார். பல்பு எரியவே இல்லை. பக்கத்தில் என் மீட்டர் 12.4 காட்டிக்கொண்டிருந்தது, பல்பை வைத்ததும் ஒரு வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. "மீட்டர் வோல்ட்டைத்தான் காட்டும் தம்பி, கரண்டு வருதான்னு பல்புதான் சொல்லும்" என்றார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. டிஜிட்டல் மீட்டர் தனக்கென்று இழுக்கும் கரண்டு ஆம்பியரில் சில லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், திருகின் அடியில் களிம்பு பூத்திருந்தாலும், அதற்குப் போதும், 12 காட்டிவிடும். அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் மூடினால் அழுத்தம் முழுதாகத் தெரியும், விரலை எடுத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதே கதைதான். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையில் இணைப்பு பல்லைக் காட்டிவிடும். பொடி எல்இடி போட்ட டெஸ்டர் இதற்கு உதவாது, அதுவும் மீட்டர் மாதிரி ஏமாறும்.

சரி, ஆம்ப் எழுந்திருக்க மூன்று வயர் வேண்டும். பேட்டரி பிளஸிலிருந்து நேராக வரும் தடித்த வயர், பாடியில் முறுக்கிய எர்த் வயர், ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் வயர். மூன்றில் எது இல்லாவிட்டாலும் அது சும்மாதான் கிடக்கும். ரிமோட் என்றதும் கையில் பிடிக்கிற ரிமோட்டைத் தேடாதீர்கள். ஸ்டீரியோ ஆன் ஆனதும் "நீயும் எழு" என்று ஆம்ப்புக்கு 12 வோல்ட் அனுப்பும் வயர் அது.

அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையைக் கார் பாடியில் வைக்காமல் ஆம்ப்பின் எர்த் திருகிலேயே வையுங்கள். பாடியில் வைத்தால் எர்த் வயர் அறுந்திருந்தாலும் தெரியாமல் போய்விடும். என்ஜின் ஓடாதபோது 12.4 முதல் 12.7 வரை, ஓடும்போது 14-ஐ ஒட்டி வர வேண்டும். பிறகு அதே இரண்டு திருகில் பல்பை வையுங்கள். பளிச்சென்று எரிந்து, மீட்டரும் பெரிதாக இறங்காமல் நின்றால் தடித்த வயர் இரண்டும் சரி, நேரே ரிமோட்டுக்குப் போய்விடலாம். மங்கினால் அல்லது எரியவே இல்லையென்றால், பவர் பக்கமா எர்த் பக்கமா என்று பிரிக்க வேண்டும். பல்பின் ஒரு முனை பவர் திருகிலேயே இருக்கட்டும், மறு முனையை மட்டும் எர்த் திருகிலிருந்து எடுத்து, பெயின்ட் இல்லாத சுத்தமான பாடி இரும்பில் தொட்டுப் பாருங்கள். இப்போது பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி எர்த். அப்போதும் மங்கல்தான் என்றால் பேட்டரிப் பக்கம் நடங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது பேட்டரிப் பக்கத்தைத்தான். பேட்டரி மாற்றுகிறவர் காரோடு வந்த கேபிளை ஒழுங்காக மாட்டிவிடுவார். கூடுதலாகத் தொங்கும் ஆம்ப் வயரின் வளையத்தை ஒப்புக்குச் சொருகிவிட்டுப் போவதும் உண்டு, மாட்டாமலே விடுவதும் உண்டு. மாட்டினாலும், இழுத்த இழுப்பில் பக்கத்திலிருக்கும் ஃபியூஸ் ஹோல்டருக்குள் வயர் நழுவியிருக்கலாம். ஆம்ப் ஃபியூஸ் என்றால் பலரும் ஆம்ப்பின் மேலேயே சொருகியிருக்கும் கலர் ஃபியூஸைத்தான் பார்ப்பார்கள். பானெட்டுக்கு உள்ளே, பேட்டரியிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் இன்னொன்று இருக்கும், இருந்தே ஆக வேண்டும். நீங்கள் பார்த்தது எது என்று எழுதவில்லை.

கண்ணால் பார்ப்பதும் போதாது. கண்ணாடிக் குழல் மாதிரி ஃபியூஸில் உள்ளே இருக்கும் கம்பி, மூடிக்கு அடியில் பற்றுவிட்டுப் போயிருந்தால் வெளியிலிருந்து முழுசாகத்தான் தெரியும். கழற்றி, மீட்டரைப் பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்துச் சோதியுங்கள். ஃபியூஸ் பிழைத்தால் ஹோல்டரைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, உருகியிருக்கிறதா, திருகு ஆடுகிறதா? என் காரில் பிரச்சினை அங்கேதான் ஒளிந்திருந்தது. ஹோல்டருக்குள் ஈரம் இறங்கி வயரின் முனை வெள்ளைப் பொடியாகியிருந்தது. செம்பாக இருந்தால் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், வெள்ளைப் பொடி என்றால் அது செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர். மலிவாகக் கிடைக்கிறது என்று நானே வாங்கியது, வேறு யாரைச் சொல்ல? இரண்டு அங்குலம் வெட்டியெறிந்து, புதிதாகச் சீவி, ஹோல்டரை மாற்றி இறுக்கியதும் பல்பு கண்ணைக் கூசியது. மொத்தம் பத்து நிமிட வேலை.

ஃபியூஸ் நிஜமாகவே எரிந்திருந்தால் கதை வேறு. அதே அளவில்தான் புதிது போட வேண்டும். 60 ஆம்பியர் போட்ட இடத்தில் 100 போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும். பேட்டரி அருகே இருக்கும் ஃபியூஸ் காப்பதே வயரைத்தான், ஆம்ப்பை அல்ல. ஆம்ப் முனையில் பவர் வயரைக் கழற்றி, எதிலும் படாமல் டேப் சுற்றி வைத்துவிட்டுப் புது ஃபியூஸைப் போடுங்கள். அப்போதும் எரிந்தால் வயர் வழியில் எங்கோ பாடியில் உரசுகிறது. என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் விளிம்பு மெல்ல மெல்ல அறுத்துவிடும். ஆம்ப்பை இணைத்த பிறகுதான் எரிகிறது என்றால் ஆம்ப்புக்குள்ளேயே ஷார்ட். பேட்டரி மாற்றும்போது பிளஸ் மைனஸை ஒரு நொடி மாற்றித் தொட்டிருந்தாலும் இப்படி ஆகும். தலைகீழ் இணைப்பிலிருந்து காக்க உள்ளே வைத்திருக்கும் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகிவிடும்.

எர்த் விஷயத்தில் பெரும்பாலான தப்பு ஒன்றுதான், பெயின்ட் மேலேயே முறுக்குவது. இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, பவர் வயரின் அதே தடிமனில் அரை மீட்டருக்குள் முடியும் வயராகப் போடுங்கள். சீட் பெல்ட் போல்ட் கைக்கு வசதியாக இருக்கும், ஆனால் அதைத் தொடாதீர்கள். அது உயிரைப் பிடித்து வைக்கிற போல்ட். இன்னொன்று, எர்த் கழன்றிருக்கும்போது ஆம்ப்பை ஆன் செய்தால் அது சும்மா இருக்காது. ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் கொண்டு வரும் ஆர்சிஏ கேபிளின் வெளிப்பின்னல் வழியாக எர்த்தைத் தேடிப் போகும். கேபிள் சூடாகும், ஸ்டீரியோவுக்குள் இருக்கும் மெல்லிய தடம் எரியும், அப்புறம் வாழ்நாளெல்லாம் ஸ்பீக்கரில் என்ஜின் சத்தம் கேட்கும். ஆகவே மாட்டும்போது எர்த் முதலில், கழற்றும்போது எர்த் கடைசியில். பேட்டரி முனையில் மட்டும் இது தலைகீழ், அங்கே கைவைக்கும் முன் மைனஸைக் கழற்றிவிடுங்கள். பிளஸைக் கழற்றும் ஸ்பானர் பாடியில் பட்டால் பறக்கும் பொறியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இனி ரிமோட். ஸ்டீரியோ ஆனில் இருக்கும்போது அந்தத் திருகில் 12-ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் சின்ன வயர்த் துண்டு ஒன்றால் ஆம்ப்பின் பவர் திருகையும் ரிமோட் திருகையும் ஒரு நொடி இணையுங்கள், எர்த் திருகில் மட்டும் பட்டுவிட வேண்டாம். ஆம்ப் எழுந்துவிட்டால் அது நலமாக இருக்கிறது, கோளாறு ரிமோட் வயரில் அல்லது ஸ்டீரியோவில். "அதான் எழுந்துவிட்டதே" என்று துண்டை அப்படியே விட்டுவிடாதீர்கள், ராத்திரி முழுக்க ஆம்ப் விழித்திருந்து காலையில் கார் கிளம்பாது.

ஸ்டீரியோவின் பின்னால் பெரும்பாலும் இரண்டு நீல வயர் இருக்கும். வெள்ளைக் கோடு போட்ட நீலம்தான் ஆம்ப்புக்கு. முழு நீலம் ஆன்டெனாவுக்கு, பல செட்டுகளில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் அதில் கரண்டு வரும். ரேடியோவில் பாடுகிற ஆம்ப் ப்ளூடூத்துக்குப் போனதும் செத்துவிடுகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வயரை மாற்றி இணைத்தவர்கள். சரியான வயரிலும் கரண்டு வராவிட்டால், ஸ்டீரியோவின் அந்த வெளியீடே போயிருக்கலாம். ஒரு ஆம்ப்பை எழுப்பும் அளவுக்குத்தான் அதற்குத் தெம்பு. அதிலேயே இரண்டு ஆம்ப், ஒரு ஃபேன் என்று தொங்கவிட்டால் தாங்காது. அப்போது சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஒரு வயரிலிருந்து, 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ரிமோட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வயரை இணைத்ததும் லைட் சிவப்பாக எரிந்தால் அது வேறு நோய், ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள ஒதுங்கி நிற்கிறது. ஸ்பீக்கர், ஆர்சிஏ எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். சிவப்பு மறைந்தால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள், எதை மாட்டும்போது திரும்பி வருகிறதோ அதில்தான் ஷார்ட். சீட் தண்டவாளத்தில் நசுங்கிய ஸ்பீக்கர் வயர்தான் எத்தனையோ முறை அகப்பட்டிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும், பவர், எர்த் இரண்டுக்கும் பல்பும் ரிமோட்டுக்கு மீட்டரும் சாட்சி சொல்லியும், லைட் எரியவில்லை என்றால்தான் ஆம்ப்பைக் கழற்ற வேண்டும். மேஜையில் வைத்து, பவர் வயருக்கு இடையில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் வழியாகக் கரண்டு கொடுங்கள். ரிமோட்டையும் இணையுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, ஷார்ட் இல்லை. விடாமல் முழுசாக எரிந்தால் பவர் சப்ளையில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர்கள் ஷார்ட், அல்லது வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள், அல்லது முன்பு சொன்ன அந்த டயோடு. டயோடு மட்டும் என்றால் நீங்களே மாற்றிவிடலாம். மாஸ்ஃபெட் என்றால் அந்த வரிசை முழுவதையும், ஒவ்வொன்றின் கேட் என்ற காலில் இருக்கும் சின்ன ரெசிஸ்டர்களோடு சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் அது கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். பல்பு எரியவே இல்லை, ஆம்ப்பும் அசையவில்லை என்றால் போர்டில் திருகு முனைகள் பற்றவைத்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கனமான வயர் ஆடி ஆடி அங்கே வட்டமாக மயிரிழை விரிசல் விழும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் பல ஆம்ப்கள் அதிலேயே எழுந்துவிடும்.