வீட்டை அடகு வைக்கும் முன் மாமன்றக் கூட்டக் குறிப்பைப் படியுங்கள்

புள்ளியியல் முதுகலை முடிக்கப்போகும் உங்கள் மகளை வீட்டை அடகு வைத்தாவது பெரிய நிர்வாகவியல் கல்லூரியில் சேர்க்கச் சொல்கிறார் அவளுடைய சித்தப்பா. அவளோ உள்ளாட்சி பட்ஜெட்டைப் புரட்டி வார்டு வாரியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனால் அடகு யோசனையை இன்றே கைவிடுங்கள். கடனைக் கட்டப்போவது சித்தப்பா இல்லை.

வங்கி, மென்பொருள், குடிமைப் பணி பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நான் சொல்வது வேறு: பல்கலைக்கழக ஆய்வை உள்ளாட்சி முடிவெடுப்போர் கைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை. பாலிசி ஆபிசர், நாலெட்ஜ் புரோக்கர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். சிலர் வாரத்தில் பாதி நாள் பல்கலைக்கழகத்திலும் மீதி நாள் உள்ளாட்சி அலுவலகத்திலும் இருப்பார்கள். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிடும்போது, அது வெளியுலகில் ஏற்படுத்திய தாக்கத்துக்கு 2014இல் 20 விழுக்காடு மதிப்பு கொடுத்தார்கள். 2021இல் அது 25 ஆனது. அதனால் இப்படிப்பட்ட ஆட்கள் பல்கலைக்கழகங்களுக்கே தேவைப்படுகிறார்கள்.

வேலை கேள்வியைச் செதுக்குவதில் தொடங்கும். "பேருந்தில் கூட்டம் ஏன் குறைகிறது?" என்று அதிகாரி கேட்பார். அப்படியே ஆய்வாளரிடம் கொடுத்தால் மூன்றாண்டுத் திட்டமாகத் திரும்பி வரும். "எந்த முடிவை, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு பணம் கைவசம் இருக்கிறது?" என்று கேட்டு, "மாலை நேரச் சேவையைக் குறைத்த தடங்களில் காலைப் பயணிகளும் குறைந்தார்களா?" என்று சுருக்கத் தெரிய வேண்டும். பட்ஜெட் முடிவான மறுவாரம் வரும் அருமையான ஆய்வு அலமாரிக்குத்தான் போகும்.

அடுத்தது எழுத்து. கனடாவின் சுகாதார ஆய்வு அமைப்பு ஒன்று பரப்பிய 1-3-25 முறை இன்றும் உதவும்: ஒரு பக்கத்தில் முக்கியச் செய்தி, மூன்று பக்கத்தில் சுருக்கம், இருபத்தைந்து பக்கத்தில் அறிக்கை. மாமன்ற உறுப்பினர்களில் பலர் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவார்கள். செலவும் பரிந்துரையும் அங்கேயே இருக்க வேண்டும்.

உங்கள் மகளின் புள்ளியியல் கைகொடுப்பது அதற்கும் அடுத்த இடத்தில். நகரம் முழுக்க 400 பேரிடம் கருத்துக் கேட்டால் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலவரத்திலிருந்து விடை கூடவோ குறையவோ விலகக்கூடிய அளவு, ஏறக்குறைய 5 விழுக்காட்டுப் புள்ளி. அதையே 20 வார்டுகளாகப் பிரித்தால் வார்டுக்கு 20 பேர்தான். பிழை 22 புள்ளிக்கு ஏறிவிடும். 'எங்கள் வார்டு எப்படி?' என்று உறுப்பினர் கேட்பது உறுதி. 'இந்தத் தரவு அதைச் சொல்லாது' என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவு வேண்டும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. உள்ளாட்சியின் தரவை ஆய்வுக்கு வாங்கும் தரவுப் பகிர்வு ஒப்பந்தம் மாதக்கணக்கில் இழுக்கும். அதை முதல் வாரமே தொடங்க வேண்டும். ஆய்வு முடிவு உள்ளாட்சிக்குச் சங்கடமாக வந்தாலும் வெளியிடலாமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு கேட்டால் சண்டைதான். ஒரே அதிகாரியை நம்பியிருந்தால், அவர் மாற்றலாகும் நாளில் திட்டமும் போய்விடும். குறைந்தது இரண்டு துறைகளில் ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குக் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டிய பட்டம் எதுவும் இல்லை. விலை உயர்ந்த பொதுக்கொள்கைப் பட்டமும் இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதம் மாமன்ற நிகழ்ச்சி நிரல்களையும் கூட்டக் குறிப்புகளையும் படிக்கச் சொல்லுங்கள். மூன்று தீர்மானங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே உள்ள ஆய்வுகளைத் தேடி, ஒரு பக்கக் குறிப்பு எழுதட்டும். வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ் இலவசம், அதையும் பழகட்டும். நேர்முகத்தில் அந்த மூன்று பக்கங்களைத் தைரியமாக நீட்டலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: இந்தப் பணிகளில் பல குறுகிய கால ஒப்பந்தங்கள். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நிதி எந்த மாதம் முடிகிறது, அதன்பின் சம்பளம் யார் கணக்கில் வரும் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் ஒரு குறிப்புக்கூட முடியவில்லை என்றால் வேறு வழி பேசலாம். அப்போதும் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.